மறுமொழி: 'நேட்டிவ்' (native, ஒரு நிலத்துக்கே உரிய) செடிக்குத் தமிழில் என்ன சொல்?

> 'நாட்டுச் செடி' என்றே வைத்துவிடலாமே. நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி மாதிரி எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. தமிழ்நாட்டில் இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். பினாங்கில் அது குழப்பும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஊர், நாடு என்றால் இன்னமும் கடலுக்கு அந்தப் பக்கம்தான், ஆகவே முருங்கையும் கறிவேப்பிலையும்தான் அவர்களுக்கு நாட்டுச் செடி. இரண்டுமே இங்கே கொண்டுவரப்பட்டவை. இதே கேள்விக்கு இங்கே அக்கா ஒருவர் சொன்ன 'மண்ணின் செடி' காதுக்கு இனிமைதான், ஆனால் 'மண்ணின் மைந்தர்' என்பதை பூமிபுத்ராவுக்கு (மலேசியாவில் மலாய்க்காரரையும் பூர்வகுடிகளையும் குறிக்கும் சொல்) எடுத்துக்கொண்டோமே, படிக்கிறவர் மனம் செடியை விட்டு அங்கே போய்விடும்.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதே வாசலில் வைத்த கெமுந்திங் (மலாய்ப் பெயர்) என்ற புதர்ச்செடியால்தான். ரோஜா நிறப் பூ, அப்புறம் கருநீலப் பழம், குருவிகள் விடுவதில்லை. மலேசியாவில் கடலோர மணலிலும் பழைய ஈயச் சுரங்க மணலிலும் தானே முளைக்கும். நல்ல வெயிலும் புளிப்பு மண்ணும் போதும். சத்து என்று நினைத்து முதல் தொட்டியில் அடுப்புச் சாம்பல் போட்டேன், இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. சாம்பலும் சுண்ணாம்பும் அதற்கு ஆகாது.

இதே செடி நீலகிரியிலும் உண்டு. அங்கே அதன் பழம் தவிட்டுப்பழம். அதாவது அங்கே குறிஞ்சி, இங்கே நெய்தல், இரண்டு இடத்திலும் அது சொந்தச் செடி. ஹவாயிலும் புளோரிடாவிலும் அதே செடி மற்றதை அமுக்கிப் பரவும் களை! எந்த நிலத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும், 'நாட்டு' அதைக் காட்டாது. நிலத்தையும் அதற்குரிய மரத்தையும் பூவையும் சேர்த்தே யோசிக்க நம்மிடம் திணை இருக்கிறதே.

முதலில் 'திணைச்செடி' என்று எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுச் சொன்னால் தினை விளையும் செடியாகிவிடுகிறது. அதனால் தன்திணைச் செடி என்பது என் பரிந்துரை, வெளியிலிருந்து வந்ததற்கு அயல்திணைச் செடி. இலக்கணப்படி தன்றிணை, அயற்றிணை என்று புணரும், தெரியும். நர்சரியில் செடி வாங்க வருகிறவர் பெயர்ப்பலகையில் படிக்க வேண்டிய சொல், பிரித்தே எழுதலாம் என்கிறேன்.

கெமுந்திங் பழத்துக்கு 'மலைக்கொய்யா' என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே அது மணலில் விளைவது, மலை எதற்கு? தவிட்டுப்பழம் என்ற பெயர் இருக்கும்போது புதிதாக ஒன்று வேண்டாம். தன்திணைக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.