மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

தாம்பரத்தான்:

சித்தப்பா போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் யாரிடமும் பேச முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

லால்குடியில் அக்கா (சித்தப்பா மகள்) வீட்டுக் கிரகப்பிரவேசம். அக்கா, சித்தி, பிள்ளைகள் எல்லாம் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். அத்தான், சித்தப்பா, நான் மூவரும் இரவு இரண்டு மணிக்குத் தாம்பரத்திலிருந்து காரில் கிளம்பினோம். அத்தான் ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம்கூடப் படுக்கவில்லை. நான் முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்தேன். போடாவிட்டால் கார் கத்திக்கொண்டே வரும், அதுதான் காரணம். பெரிய பொறுப்பெல்லாம் இல்லை. சித்தப்பா பின்சீட்டில். அவர் பக்கத்தில் குத்துவிளக்கும் தாம்பாளமும் சாக்கில் சுற்றி வைத்திருந்தது.

திண்டிவனம் தாண்டியதும் வேகம் ஏறியது. விழுப்புரம் வருவதற்கு வெகு முன்பே முள் 120-ஐத் தொட்டதைப் பார்த்தேன். அப்புறம் அது இறங்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால், சித்தப்பாவும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'நீ சொல்லேன்' என்பதுபோல எனக்குக் கண்ணைக் காட்டினார். நீங்களே சொல்லுங்கள் என்று நானும் கண்ணால் சொன்னேன். சித்தப்பாவுக்கு அத்தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? எனக்கோ பத்து வயது மூத்தவர், வேலை வாங்கிக் கொடுத்தவர். இப்படியே முக்கால் மணி நேரம் போனது.

உளுந்தூர்பேட்டை தாண்டி நாலேகால் இருக்கும். வலது லேனில் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஹார்ன் அடித்தும் வழி விடவில்லை. அத்தான் இடது பக்கமாக ஓவர்டேக் எடுத்தார். அங்கே இன்னொரு லாரி, டெயில் லைட் இல்லாமல், பாதி லேனை அடைத்துக்கொண்டு நின்றது. வலது பக்கம் ஒடித்தார். கார் சென்டர் மீடியனில் ஏறிப் புரண்டது. எனக்குத் தோள்பட்டை எலும்பு, அத்தானுக்கு இரண்டு விரல். சித்தப்பா காருக்குள்ளேயே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் காரிலிருந்த சாமான்களை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். பின்சீட்டு பெல்ட்டை மாட்டும் பூட்டு எங்கே என்று தேடினேன். கார் வாங்கிய அன்று போட்ட சீட் கவருக்கு அடியில், புதுசு கலையாமல் கிடந்தது. கார் வாங்கி நாலு வருஷம். ஒரு தடவைகூட யாரும் அதை வெளியே எடுத்ததில்லை.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம்.

ராத்திரி டியூட்டி:

நெடுஞ்சாலை ஓரத்து ஜி.எச். ஒன்றில் பதினோரு வருஷமாக நர்ஸ். காரில் அடிபட்டு வருகிறவரின் சட்டையைக் கத்தரித்ததும் என் கண் முதலில் தேடுவது தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே ஓடும் கன்றிப்போன கோட்டைத்தான். பெல்ட் இறுக்கிய தடம். அதைப் பார்த்தால் பாதி நிம்மதி, ஆள் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறார் என்று. (மீதிப் பாதி வயிற்றை ஸ்கேன் எடுத்த பிறகுதான்.) பின்சீட்டில் வந்தவர்கள் உடம்பில் அந்தக் கோட்டை நான் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்னொன்று: பெல்ட் போடாமல் பின்னால் இருந்தவர் வந்து மோதியதில் முன்சீட்டுக்காரருக்கு அடிபட்டதும் உண்டு.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் சூர்யா நதிப் பாலத்தில் மோதியதே, அதில் முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள், மிஸ்திரி உட்படப் பின்னால் இருந்த இருவரும் போய்விட்டார்கள். அந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் கேண்டீனில் இதே பேச்சு. அடுத்த மாதம் எல்லோரும் மறந்தாயிற்று.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. தமிழ்நாட்டில் விபத்து நடந்தால் போதும், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. இது தெரியாமல், கட்டிலில் ஆள் கிடக்கும்போது நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் பலர் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

மஞ்சள் போர்டு:

டாக்சி ஓட்டுகிறேன். பெல்ட் பூட்டில் சொருகி வைக்க ஒரு கிளிப் விற்பார்களே, வெறும் நாக்கு மட்டும், பெல்ட் இருக்காது. கார் ஏமாந்து கத்துவதை நிறுத்திவிடும். நானும் வைத்திருந்தேன். பிள்ளையார் படம் போட்டது! 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து இந்தச் சாமானை எடுக்கச் சொன்னபோது 13,118 பதிவுகள் நீக்கப்பட்டன என்று பேப்பரில் படித்துவிட்டுத்தான் கழற்றி எறிந்தேன். அவ்வளவு பதிவு போட்டு விற்கும் அளவுக்கு நாம் வாங்கியிருக்கிறோம்.

கஸ்டமர் பற்றியும் சொல்ல வேண்டும். 'அண்ணே, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு, கொஞ்சம் அழுத்துங்க' என்பார்கள். மெதுவாகப் போகச் சொன்னவர்கள் என் சர்வீஸில் இரண்டே பேர். ஒருவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை பார்த்தவர். இன்னொருவர் எட்டு மாதக் கர்ப்பிணி.

பைபாஸ் பாண்டி:

எல்லோரும் வேகத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். லைட் இல்லாமல் நின்றவன் மேல் தப்பில்லையா? வலது லேனைப் பட்டா போட்டு வாங்கினதுபோல ஊர்ந்தவன் மேல்? நாலு வழிச்சாலையில் 100 போகத்தானே டோல் கட்டுகிறோம்?

மஞ்சள் போர்டு:

பாண்டி தம்பி, லாரிக்காரன் மேல் தப்புதான், யார் இல்லையென்றது? ஆனால் 100-இல் போகிற வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகும். நம் லோ பீமில் அறுபது மீட்டர் தெரிந்தால் பெரிய விஷயம். லாரி கண்ணில் பட்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் அந்தத் தூரத்தில் பாதி போயிருக்கும். மீதியில் 100-இல் வருகிற வண்டியை நிறுத்த என்னால் முடியாது. உங்களால் முடியுமென்றால் சொல்லுங்கள், வந்து கற்றுக்கொள்கிறேன். அதுவும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். அந்த நேரத்தில் நான் டீக்கடையில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவேன். ஓனர் எவ்வளவு கத்தினாலும் சரி.

செங்கை மகள்:

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். என் கணவரிடம் 'மெதுவாப் போங்க' என்று சொன்னால் இன்னும் அழுத்துவார். 'உனக்கு ஓட்டத் தெரியுமா? பேசாம வா.' என் மாமியார்தான் வழி காட்டினார். வேகம் கூடினால், 'தம்பி, எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்குடா' என்பார். வண்டி தானாக அறுபதுக்கு வந்துவிடும். புது சீட் கவர், அந்தப் பயம்! மாமியார் போன பிறகு அந்த வாந்தி எனக்கு வந்தது. இப்போது என் பெண்ணும் சொல்கிறாள். உயிர் போய்விடும் என்றால் காதில் விழாது, சீட் நாறிவிடும் என்றால் விழும். சிரிப்பாகத்தான் இருக்கிறது. தாம்பரத்தான் எழுதியதைப் படித்த பிறகு சிரிக்க முடியவில்லை.

கோர்ட்டு வாசல்:

வக்கீல் குமாஸ்தா நான். ஆறுதல் வேண்டாம் என்றதால் வேலையைச் சொல்கிறேன். உங்கள் அத்தான் மேல் பாரதிய நியாய சன்ஹிதா 281, 106(1) போட்டிருப்பார்கள்: கண்மூடித்தனமாக ஓட்டியது, கவனக்குறைவால் உயிர் போகக் காரணமானது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, 304ஏ என்போமே, அதுதான். 304ஏ-யில் சிறை அதிகபட்சம் இரண்டு வருஷமாக இருந்தது, 106(1)-இல் ஐந்து. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் உங்கள் சித்தி. கார் இன்சூரன்ஸ் நம் வண்டிக்கும் சேர்த்த பேக்கேஜ் பாலிசியா, அடுத்தவருக்கான வெறும் தேர்டு பார்ட்டியா என்று முதலில் பாருங்கள். பேக்கேஜ் என்றால் காரில் உட்கார்ந்து வந்தவருக்கும் பொருந்தும். சித்தி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவில் போனால் ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். நேரில் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். வேகத்தை உள்ளபடி சொன்னால் சித்திக்குப் பணம் வரும், அத்தானுக்குச் சிக்கல். குறைத்துச் சொன்னால் நேர்மாறு. மகள் ஒரு பக்கம் அப்பாவை இழந்த வாரிசு, இன்னொரு பக்கம் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி. இப்படிக் குடும்பங்கள் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பேசிவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

தாம்பரத்தான்:

எல்லாவற்றையும் படித்தேன். பேக்கேஜ் பாலிசிதான். சித்தியிடம் கேட்டேன். 'பார்த்தத சொல்லுடா' என்று மட்டும் சொன்னார். அக்கா எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்று வாக்குமூலம் கொடுத்தேன். வேகம் எவ்வளவு இருக்கும் என்றார் ஏட்டு. 120-க்கு மேல் என்றேன். எத்தனை நேரமாக என்றார். முக்கால் மணி நேரம் என்றேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, 'ஏன் தம்பி, மெதுவாப் போகச் சொல்லி நீங்க யாருமே சொல்லலையா?' என்றார்.

சொல்லவில்லை என்றேன். அதையும் எழுதுவீர்களா என்று கேட்டேன்.

'அது தேவையில்ல' என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.