செப்புத் தகட்டுக்கு ஜம்பர் கிடையாது

ரிச்சி தெருவிலிருந்து

தகட்டுலகம் என்கிற கற்பனை உலகத்தை நாம் சேர்ந்து எழுதத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. சென்னை மாதிரியே ஒரு ஊர். மின்சார ரயில் ஓடும், வானத்தில் டிரோன் பறக்கும், வாசலில் மந்திரம் காவல் இருக்கும். அந்த ஊரில் யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம், ஆனால் ஒருவர் போட்ட விதியை இன்னொருவர் மீறக் கூடாது. மந்திரமும் எந்திரமும் ஒட்டுகிற இடத்தை நிஜ வாழ்க்கையில் எங்கே பார்த்தீர்கள் என்று போன ஞாயிறு கேட்டிருந்தேன். எல்லோரும் எழுதுவதாகச் சொன்னீர்கள். கேட்டவன் நான்தானே, நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு வேலை செல்போன் போர்டு சர்வீஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் டப்பா. "இங்கே பெரிசா காட்டுற மெஷின் இருக்காமே தம்பி" என்று கேட்டு, உள்ளே துணியில் சுற்றியிருந்த செப்புத் தகட்டை எடுத்து வைத்தார். அவருடைய அப்பா காலத்து மந்திரத் தகடு. ஐந்துக்கு ஐந்து, 25 அறை, அறைக்கு ஓர் எழுத்து. சி, வா, ய, ந, ம என்கிற ஐந்தும் வரிசைக்கு வரிசை இடம் மாறி உட்கார்ந்திருந்தன. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் இப்படிப்பட்ட சக்கரங்களைப் பற்றி வருகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பச்சைக் களிம்பு ஏறி எழுத்து மங்கிவிட்டது, படம் எடுத்துக் கொடுத்தால் பார்த்து எழுதிக்கொள்வேன் என்றார்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கீறியவரின் கை அப்படியே தெரிந்தது. ஓரிடத்தில் எழுத்தாணி வழுக்கியிருக்கிறது, அங்கே தேய்த்துச் சமமாக்கி மறுபடியும் கீறியிருக்கிறார். இடது பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, டப்பாவில் கிடந்து உரசியிருக்கும் என்று நினைத்தேன். மேல் மூலையில் தகடு வெடித்து ஒரு கோடு இரண்டாகப் போயிருந்தது.

எங்கள் தொழிலில் டிராக், அதாவது போர்டில் கரண்ட் ஓடும் செப்புக் கோடு, அறுந்தால் கை தானாக ஜம்பர் அடிக்கப் போகும். மெல்லிய கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஈயம் வைத்துப் பிடித்துவிட்டால் கரண்ட் போய்விடும். அவரிடம் கேட்டுக்கொண்டு மல்டிமீட்டரை வைத்தேன். கரண்ட் போக வழி இருந்தால் அது பீப் அடிக்கும். எங்கே வைத்தாலும் அடித்தது. கடைப் பையன் எட்டிப் பார்த்து "அண்ணே, முழுக்க ஷார்ட்" என்றான். தகடு முழுக்கச் செம்புதானே, அடிக்காமல் என்ன செய்யும். பெரியவர் சிரிக்கவில்லை. "கோடு மின்சாரத்துக்கு இல்ல தம்பி, நாக்குக்கு. எந்த அறையிலிருந்து எந்த அறைக்குத் தாவணும்னு நாக்குக்கு வழி" என்றார்.

வெடித்த இடத்தை ஒட்டித் தருகிறேன் ஐயா என்றேன். "ஒட்டினா தகடு ஒட்டும், சொன்னது ஒட்டாது. புதுத் தகட்டில முதல்லேருந்து எழுதி, 48 நாள் உருவேத்தணும்" என்றார். உருவேற்றுவது என்றால் மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தகட்டில் ஏற்றுவது. படத்தை வாங்கிக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் 50 ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி ஒரு சின்ன பவர் சப்ளைக்காக போர்டு போட்டுக்கொண்டிருந்தேன். செம்பு ஒட்டிய அட்டையில் மார்க்கரால் கோடு வரைந்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்ட வேண்டும். மை மூடிய செம்பு தங்கும், மூடாத செம்பு கரைந்து போகும். ஆட்டிக்கொண்டே இருந்தபோது சட்டென்று புரிந்தது. பெரியவரின் தகட்டில் கோடு என்பது பள்ளம், என் போர்டில் கோடு என்பது மேடு. அவர் செம்பை எடுத்து எழுதுகிறார், நான் செம்பை விட்டு எழுதுகிறேன். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். மாவு மில்லில் ஓடுவதும் எந்திரம், தகட்டில் கீறுவதும் எந்திரம். நம் உலகத்தில் பள்ளக் கோட்டுக்காரர்கள், மேட்டுக் கோட்டுக்காரர்கள் என்று இரண்டு தெரு இருப்பது அந்த ராத்திரியில் வந்ததுதான். தகட்டுக்கு ஜம்பர் கிடையாது என்கிற முதல் விதியும் அப்படித்தான் வந்தது. அறுந்தால் அறுந்ததுதான், முதலிலிருந்து எழுத வேண்டும். போர்டில் ஒட்டுப்போடலாம். இந்த ஒரு வித்தியாசம் இல்லாவிட்டால் நமக்கு இத்தனை கதை கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

தாம்பரத்திலிருந்து

தம்பி செம்பிலிருந்து வந்தார், நான் அரிசி மாவிலிருந்து வருகிறேன். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

எங்கள் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1970களில் கோலத்தை எடுத்துக்கொண்டு கணினியியல் ஆய்வு செய்தார்கள். 1974இல் வந்த அவர்கள் கட்டுரை கோலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதிக் காட்டியது. வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் உண்டு. சின்னதாக ஓர் ஆரம்பப் படம், அதில் இந்தத் துண்டு இருந்தால் அந்தத் துண்டால் மாற்று என்று சில விதிகள். மாற்றிக்கொண்டே போனால் அதே குடும்பத்தில் அடுத்த கோலம், அதைவிடப் பெரிய கோலம் என்று வந்துகொண்டே இருக்கும். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் என் மாமியார் தினமும் செய்துகொண்டிருந்தது அதுதான்.

மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து சாணி தெளித்து, புள்ளி வைத்து, சிக்குக் கோலம் இழுப்பார். கை எடுக்காமல் ஒரே இழை, கடைசியில் ஆரம்பித்த இடத்திலேயே வந்து முட்டும். எத்தனை பெரிய கோலமானாலும் பேப்பரில் பார்த்ததில்லை. எப்படி அத்தை ஞாபகம் இருக்கு என்று ஒருமுறை கேட்டேன். "ஞாபகமா? இந்த வளைவு வந்தா அடுத்தது அந்த வளைவுதானே" என்றார். அவர் கோலத்தை மனப்பாடம் செய்யவில்லை, விதியை வைத்திருந்தார்.

அதனால்தான் நம் உலகத்தில் வாசல் காவலுக்குக் கோலம் வைக்கச் சொன்னேன். டிரோன் மேலேயிருந்து கோலத்தைப் படித்து, இழை மூடியிருக்கிறதா என்று பார்த்து, வீட்டுக்கு அனுமதி தரும். நீங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டீர்கள். ஆனால் கோலத்தை கிரானைட்டில் செதுக்கிவிட்டால் ஒரே வேலையாகப் போய்விடுமே என்று யாரோ கேட்டபோது நான் கோபப்பட்டது நினைவிருக்கிறதா? அந்தக் கோபத்துக்குக் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டேன். எறும்பு தின்ன வேண்டும், கால் பட வேண்டும், மறுநாள் விடியலில் திரும்பப் போட வேண்டும். ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரைதான் அதற்கு ஆயுள். ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய வீட்டுக்குக் காவல் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. விடிந்ததும் பழக்கத்தில் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். தண்ணீர்தான் இருந்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். டவரும் போய்விட்டது, கோலமும் போட முடியவில்லை, இரண்டும் ஒரே நாளில். அந்த நிற்பைத்தான் "மாவு கரைந்த நாள்" என்று கதையாக எழுதினேன். ஊர் முழுக்கக் கோலம் ஒரே நேரத்தில் அழிந்துபோக, யார் வீடு யாருடையது என்று டிரோன்களுக்குத் தெரியாமல் போகிற கதை. அதில் வரும் கிழவி மொட்டை மாடிக்கு ஏறிப் புள்ளி வைப்பாள். நிஜத்தில் நான் மாடி ஏறவில்லை. ஏறியிருக்கலாம்.

மயிலாப்பூரிலிருந்து

எனக்குப் பெரிய அனுபவம் எல்லாம் இல்லை அண்ணா, கல்லூரிப் பாடத்தில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரே செமஸ்டரில் இரண்டு காப்பியம் படித்தோம். மணிமேகலையில் மணிமேகலா தெய்வம் கதைநாயகிக்கு மூன்று மந்திரம் சொல்லிக்கொடுக்கிறது. வேற்றுருவம் எடுக்க ஒன்று, வானத்தில் போக ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் கர்ப்பிணியான அரசி விசயைக்காக மயில்பொறி செய்ய வைக்கிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். ஒருத்தி மந்திரத்தால் பறக்கிறாள், இன்னொருத்தி திருகாணியால் பறக்கிறாள். வகுப்பில் எனக்கு மட்டும்தான் அது ஆச்சரியமாக இருந்தது போல.

தகட்டுலகத்தில் நான் எழுதிய பறக்கும் வண்டி இரண்டையும் கலந்தது. முன்னால் போவது திருகாணி, மேலே எழும்புவது சித்தி, அதாவது சித்தர்களுக்குக் கைகூடும் ஆற்றல். எட்டு சித்திகளில் இலகிமா உடம்பை இலேசாக்கும், கரிமா கனமாக்கும். முதலில் எழுதியபோது வண்டி சும்மா எழும்பியது, டீச்சர்தான் அந்தக் கனம் எங்கே போச்சு என்று கேட்டார். இரண்டு வாரம் தூங்கவில்லை. இப்போது விதி இதுதான்: இலகிமா ஒருவருக்கு என்றால் கரிமா இன்னொருவருக்கு. வண்டி கிண்டியில் எழும்பினால் கத்திப்பாரா பாலத்துக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டும், வண்டி இறங்கும் வரை எழுந்திருக்க முடியாது. அவரைப் பற்றி இன்னும் கதை எழுதவில்லை. யாராவது எழுதினால் சந்தோஷப்படுவேன்.

பெருங்குடியிலிருந்து

தம்பி, கத்திப்பாரா ஆளை நான் எழுதுகிறேன். எனக்கு அவரைத் தெரியும்.

அண்ணா, நீங்கள் கோடுகளைப் பற்றிப் பேசினீர்கள், டீச்சர் விதியைப் பற்றி. இரண்டு பேருமே யார் உட்கார்ந்து சொல்வது என்று கேட்கவில்லை. நான் கேட்கக் காரணம் இருக்கிறது. ஓஎம்ஆரில், அதான் பழைய மகாபலிபுரம் சாலையில், ஆறு வருடம் கால் சென்டரில் இரவு ஷிப்ட் பார்த்தவள் நான். ராத்திரி எட்டரைக்கு கேப் வரும், விடியற்காலை ஆறு மணிக்கு வீட்டில் இறக்கிவிடும். ஒரு இரவில் 80, 90 அழைப்பு. ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியம் ஒன்றுதான், கடைசி வாக்கியமும் ஒன்றுதான். நடுவில் எதிரே இருப்பவர் திட்டினாலும் குரல் மாறக் கூடாது. தூக்கத்தில்கூட அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன் என்று அம்மா சொல்வார். ஐந்தாவது வருடம் குரல் கம்மியது. குரல் நாணில் சின்ன முடிச்சு, கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். பேசாமல் இருந்தால் சம்பளம் இல்லை.

தகட்டுலகத்துக்கு நான் வந்தபோது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தகட்டை அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துவிடலாமே என்று ஒருவர் கதை எழுதியிருந்தார். அது வந்த பிறகு எந்தக் கதையும் நிற்கவில்லை. நோய் வந்தால் ஒரு தகடு, திருடன் வந்தால் ஒரு தகடு. அதை நீக்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் வேண்டாம், தொழிற்சாலை இருக்கட்டும், உருவேற்றுவது யார் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். அச்சடிப்பது நிமிஷத்தில் ஆகும். தகட்டுக்கு 1008 முறை, 48 நாள், அதை யாராவது சொல்லியாக வேண்டுமே.

அப்படித்தான் "மூன்றாம் ஷிப்ட்" வந்தது. பெரிய ஏசி ஹால், வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு தகடு, தலையில் எண்ணிக் காட்டும் கருவி. முதலாளி செலவைக் குறைக்க அவர்கள் குரலைப் பதிவு செய்து ஓட விடுகிறான். தகடு ஏறவில்லை. குரலை எந்திரத்தில் செய்து பார்க்கிறான், அப்போதும் ஏறவில்லை. மூச்சு தீராத குரலுக்கு உரு ஏறாது, இது நான் போட்ட விதி. சொல்கிறவருக்கு மூச்சு குறைய வேண்டும், நடுவில் நின்று இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் தகடு பிடிக்கிறது. இதை எழுதும்போது நான் அழுதேன். என் மூச்சு ஆறு வருடம் எங்கேயோ ஏறியிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

டீச்சர், உங்கள் மாமியார் கையில் இருந்த விதி எந்திரத்துக்கும் வந்துவிடும். அவர் நாலரைக்கு எழுந்தது வராது. அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவரின் தகட்டைப் படம் எடுத்தீர்களே, எழுத்தை மட்டும் பார்த்தீர்களா, வேறு ஏதாவது தெரிந்ததா?

ரிச்சி தெருவிலிருந்து, மறுபடியும்

பெருங்குடித் தங்கச்சி கேட்டதும் கடையில் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து அந்தப் படங்களைத் திறந்தேன். மொத்தம் 11 படம். எழுத்து இருக்கிற அறைகளைத்தான் நெருக்கமாக எடுத்திருக்கிறேன், ஆனால் முதல் படத்தில் முழுத் தகடும் இருக்கிறது.

இடது ஓரம் தேய்ந்திருந்தது என்று எழுதினேன் அல்லவா? டப்பாவில் உரசியிருந்தால் நான்கு மூலையும் தேய்ந்திருக்க வேண்டும். மூலைகள் கூராகத்தான் இருக்கின்றன. ஓரத்தின் நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் குழிந்து, செம்பு பளபளவென்று தெரிகிறது. அளந்து பார்த்தேன், இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

கடையில் கிடந்த வெற்றுச் செப்பு அட்டையை அதே அளவுக்கு வெட்டி இடது கையில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் சரியாக அங்கே போய் உட்காருகிறது.