கியர்பாக்ஸ் கூலர் மாட்டியும் சூடு லைட் எரிகிறது, காலையில் டி (டிரைவ்) கியர் விழத் தாமதம்

வடகடல்காரன், மண்டபம்
வண்டி டீசல் ஏழு சீட்டர், 6 கியர் ஆட்டோமேட்டிக், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. சின்ன ஃபைபர் படகை ட்ரெய்லரில் ஏற்றிக் கரையிலிருந்து பட்டறைக்கு இழுப்போம். தார் ரோட்டில் தொல்லையே இல்லை. கரை மணலில் ஏறும்போதுதான் கியர்பாக்ஸ் சூடு லைட் வரும். அதற்காகத் தனியாக ஒரு ஆயில் கூலர் வாங்கி, ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து ஏசி கண்டென்சருக்கு முன்னால் மாட்டினோம். இப்போது லைட் கொஞ்சம் லேட்டாக எரிகிறது, அவ்வளவுதான். அது போதாதென்று காலையில் டி போட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் வண்டி நகர்கிறது. நிற்கும்போது ஏசியும் மந்தம். கூலர் மட்டமா, மாட்டிய விதம் தப்பா?

தொண்டி தம்பி
ஏஎம்டியா (கிளட்சைத் தானே இயக்கும் சாதா கியர்பாக்ஸ்) அண்ணே? அதுக்கு ஆயில் கூலர் வேலையே இல்லையே.

வடகடல்காரன்
இல்லை தம்பி, டார்க் கன்வெர்ட்டர் (இஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் வகை). ரேடியேட்டர் தொட்டிக்குள் கம்பெனி கூலரும் இருக்கிறது.

பட்டறைக்காரன், பரமக்குடி
கூலரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலில் ஆயில் அளவு. புதுக் கூலரும் ஹோஸும் தங்களுக்கென்று கொஞ்சம் ஆயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஊற்றாமல் விட்டிருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் ஏற நேரமாகும், டி லேட்டாகத்தான் விழும். அப்படியே ஓட்டினால் கிளட்ச் தட்டு கருகிவிடும். பார்க்கும்வரை படகு இழுக்க வேண்டாம். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இருக்காது என்று நினைக்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, இஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒரு சுற்று போட்டுவிட்டு பார்க்குக்கு வாருங்கள். ஆயில் சூடு சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறக்க வேண்டும் (சரியான டிகிரி உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும்). மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி. வழியவில்லையென்றால் கம்பெனி சொன்ன ரக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மட்டும் ஊற்றுங்கள். வந்த ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். கருகல் வாடை வந்தால் கதை வேறு. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் ஆயிலோடு கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்துவிட்டது என்று அர்த்தம், வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

அடுத்து ஹோஸ் வரிசை. கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போய், அப்புறம் புதுக் கூலர் வழியாகத் திரும்ப வேண்டும். பலரும் கைக்கு எட்டிய பைப்பை வெட்டி ரேடியேட்டருக்கு முன்பே சேர்த்துவிடுகிறார்கள். கூலரில் ஆறிய ஆயில் 90 டிகிரி கூலன்டுக்குள் போய் மறுபடி சூடாகும். அப்புறம் கூலர் எதற்கு? ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு பைப்பையும் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பக்கம் கை போகாமல்). முதலில் சூடேறுவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் பைப்.

வடகடல்காரன்
நன்றி அண்ணே. இன்று வேறு ஆளை வைத்துப் பார்த்தோம். ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. முக்கால் லிட்டர் போல ஊற்றிய பிறகுதான் வழிந்தது. நிறம் சிவப்பாகவே இருக்கிறது, கருகல் வாடை இல்லை. டி உடனே விழுகிறது. வரிசையும் நீங்கள் சொன்ன மாதிரி தலைகீழ், நாளைக்கு மாற்றுகிறோம். இன்னொன்று: கூலரைத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டை கோத்துக் கட்டியிருக்கிறார்கள். டை இருக்கும் இடத்தில் தகடு தேய்ந்து பளபளவென்று தெரிகிறது.

பட்டறைக்காரன், பரமக்குடி
அந்த டையை இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். அதிர்வில் உரசி உரசிக் குழாயையே ஓட்டை போடும், நடு ரோட்டில் ஆயில் முழுக்கக் கொட்டும். பட்டைக் கம்பியில் பிராக்கெட் அடித்து மாட்டுங்கள். கண்டென்சரோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், ஏசி மந்தமும் கொஞ்சம் குறையும். ஹோஸ் ஏடிஎஃப் தாங்கும் ரகமா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெட்டிய பைப் முனையில் ஹோஸ் நழுவாதபடி புடைப்பு எடுக்காமல் கிளாம்ப் மட்டும் போட்டிருந்தால் ஒருநாள் அழுத்தத்தில் கழன்றுவிடும்.

கீழக்கரை காக்கா
தம்பி, நம்ம ஊர் உப்புக்காற்றையும் கணக்கில் வையுங்க. இரும்பு பிராக்கெட்டும் அலுமினியக் கூலரும் நேராக ஒட்டினால் சீக்கிரம் அரிக்கும், நடுவில் ரப்பர் வாஷர் போடுங்க. கச்சான் காற்றில் மணல் அடிக்கிற மாசங்களில் நல்ல தண்ணியை மெதுவா விட்டுக் கழுவுங்க. பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிடும்.

தொண்டி தம்பி
தெர்மோஸ்டாட் வைத்த கூலர்தான் நல்லது, இல்லையென்றால் ஆயில் அதிகம் குளிர்ந்துவிடும் என்கிறார்களே?

பட்டறைக்காரன், பரமக்குடி
பனி பெய்கிற ஊருக்கு அது அவசியம். மண்டபத்தில் அந்தக் கவலை எதற்கு? மணலில்தான் உங்கள் சூடே பிறக்கிறது. மெதுவாக, பாரத்தோடு போகும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாது (இஞ்சினோடு நேராகப் பிணையாது), உள்ளே வழுக்குகிற வேலை அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்கும். டயர் காற்றைக் குறைத்து, முதல் கியரைக் கையால் பிடித்து வைத்து ஏறுங்கள். தார் ரோடு வந்ததும் மறுபடி காற்று அடித்துவிடுங்கள். லைட் எரிந்தால் இஞ்சினை அணைக்காமல் பார்க்கில் போட்டு ஓடவிடுங்கள். பம்ப் சுற்றினால்தான் ஆயில் கூலருக்குப் போகும்.

கீழக்கரை காக்கா
கூலர் ஆயிரம் போடுங்க, ஈர மணலில் படகை ஏற்ற டிராக்டர்தான் சரி. ரோட்டுக்கு வந்ததும் உங்க வண்டியில் கோத்துக்கோங்க.

வடகடல்காரன்
ஹோஸ் மாற்றியாச்சு, பிராக்கெட்டும் அடித்தாச்சு. படகை ரோடு வரை டிராக்டர் கொண்டுவந்தது, அங்கிருந்து பட்டறை வரை லைட் எரியவில்லை. நிற்கும்போது ஏசி இன்னும் மந்தம்தான். கண்டென்சர் ஃபேனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.