மலையேற்றத்துக்கும் பயணத்துக்கும் ஏற்ற கேமரா பை எது?

பாதைநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒற்றைத் தோளில் மாட்டும் கேமரா பையைத்தான் பயன்படுத்தி வருகிறேன். தெருக்களிலும் விழாக்களிலும் நடந்து படம் எடுக்க அது போதுமானதாக இருந்தது. சென்ற மாதம் ஒரு முழுநாள் மலையேற்றத்தில், இரு கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய ஓரிடத்தில், முதுகுப் பக்கம் இருந்த பை சரிந்து முன்னால் வந்து பாறையில் மோதிவிட்டது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை வலது தோளை உயர்த்தவே முடியவில்லை. கழுத்து வரை பிடித்துக்கொண்டது.

ஆகவே முதுகில் மாட்டும் பைக்கு மாற முடிவு செய்திருக்கிறேன். முழுச்சட்ட (பெரிய சென்சார் கொண்ட) மிரர்லெஸ் கேமரா ஒன்று, 24-70 மி.மீ. எஃப்/2.8, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் நீளமான 70-200 மி.மீ. எஃப்/2.8 ஆகிய இரு லென்ஸ்கள், ஒரு ட்ரைபாட், இரண்டு உபரி பேட்டரிகள் ஆகியவை என்னிடம் உள்ளன. இவற்றோடு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, உணவு, முதலுதவிப் பொருட்கள் ஆகியவற்றையும் வைக்க வேண்டும். கேமராவுக்கென்றே செய்யப்பட்ட பையை வாங்குவதா, அல்லது சாதாரண மலையேற்றப் பைக்குள் மெத்தை வைத்த கேமரா பெட்டகத்தைச் செருகிக்கொள்வதா என்பதில்தான் குழப்பம். விமானப் பயணத்துக்கும் அதே பை உதவினால் நல்லது.

முகட்டுக்காற்று எழுதியது:

வணக்கம் நண்பரே. எந்த வகைப் பை என்று யோசிப்பதற்கு முன், எவ்வளவு எடையைத் தூக்கப்போகிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். கேமரா ஏறத்தாழ 700 கிராம், 24-70 லென்ஸ் 800 கிராம், 70-200 லென்ஸ் ஒன்று முதல் ஒன்றரை கிலோ, ட்ரைபாட் ஒன்றரை கிலோ, தண்ணீர் இரண்டு கிலோ, உடையும் உணவும் மற்றவையும் இரண்டு கிலோ, நல்ல சட்டகம் உள்ள வெறும் பையே கிட்டத்தட்ட இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோவைத் தொட்டுவிடுகிறது. ஒரு மணி நேர நடைக்கு இதைத் தோள் தாங்கும். ஆறு மணி நேர ஏற்ற இறக்கத்துக்குத் தாங்காது. இந்தச் சுமையின் பெரும்பகுதியை இடுப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் எந்தப் பையைப் பார்த்தாலும் நான் முதலில் இடுப்புவாரைத்தான் பிடித்துப் பார்ப்பேன். பல கேமரா பைகளில் இரண்டு விரல் அகலத்தில் வெறும் நாடா ஒன்றைத் தைத்து, அதை இடுப்புவார் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பை ஆடாமல் தடுக்குமே தவிர, எடையைச் சுமக்காது. உள்ளங்கை அகலத்தில், கெட்டியான மெத்தையோடு, இடுப்பெலும்பின் மேல் சுற்றி உட்காரும் வார்தான் உங்களுக்குத் தேவை. வயிற்றின் மேல் ஏறி நிற்கும் வாரும் பயன்படாது.

அடுத்தது முதுகு நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்துத் தெரியும். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டால், கட்டைவிரல்கள் பின்பக்கம் தொடும் மட்டம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவு நாடாவால் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். மொத்த உயரம் இங்கே உதவாது. ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் வேறுபடலாம். மலையேற்றப் பைகள் பெரும்பாலும் இந்த அளவுக்கேற்ப வெவ்வேறு அளவுகளில் வருகின்றன, அல்லது முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கிக்கொள்ள முடிகிறது. கேமரா பைகளில் அந்த வசதி உள்ளவை குறைவு.

வாங்குவதற்கு முன் உங்கள் பொருட்களை எடுத்துச் சென்று, பையை முழுமையாக நிரப்பி, இருபது நிமிடமாவது மாட்டிக்கொண்டு நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புவாரைப் பூட்டி, பிறகு தோள்வார்களை இறுக்கி, கடைசியில் நெஞ்சுவாரைப் போடுங்கள். அதன் பிறகு தோள்வாருக்கும் தோளுக்கும் இடையில் ஒரு விரல் எளிதாக நுழைந்தால் எடை இடுப்புக்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அந்திவெளிச்சம் எழுதியது:

மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் சுமப்பதற்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும், கேமராவை எடுக்க முடியாத பை படம் எடுப்பவருக்குப் பயன்படாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்பக்கம் மட்டும் திறக்கும் மலையேற்றப் பை ஒன்றின் அடியில் கேமரா பெட்டகத்தை வைத்து ஓராண்டு நடந்தேன். ஒருநாள் மாலை மழை விட்டு, மேகம் பிளந்து, எதிர் முகட்டின் மேல் மட்டும் வெயில் விழுந்தது. பையை இறக்கி, மழைச்சட்டையை எடுத்து, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, பெட்டகத்தின் ஜிப்பைத் திறந்து நிமிர்ந்தபோது முகடு சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் நான் எடுத்த படங்கள் ஓய்வெடுத்த இடங்களில் எடுத்தவை மட்டும்தான் என்பதைப் பிறகு பார்த்தபோது உணர்ந்தேன்.

இப்போது முதுகுப் பக்கம் திறக்கும் பைக்கு மாறிவிட்டேன். தரையில் கிடத்தும்போது வெளிப்பக்கம்தான் சேற்றில் படுகிறது. முதுகில் படும் பக்கம் காய்ந்தே இருக்கிறது. இடுப்புவாரைக் கழற்றாமல், தோள்வார்களை மட்டும் கழற்றிப் பையை முன்பக்கம் சுழற்றினால், நின்றபடியே லென்ஸ் மாற்றலாம். நடக்கும்போது கேமராவைத் தோள்வாரில் பொருத்தும் உலோகக் கவ்வியில் மாட்டிவிடுகிறேன். 24-70 பொருத்திய கேமராவை அது உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. 70-200 பொருத்தினால் நடக்கும்போது தொடையில் இடிக்கும்.

எடைக்காகப் பெட்டக வழியைத் தேர்ந்தெடுக்க நினைத்தால், மலையேற்றப் பையோடு பெட்டகத்தின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். பல நேரங்களில் கேமரா பையின் எடைக்கே வந்துவிடும். பல நாள் நடைக்குக் கூடாரமும் படுக்கையும் சுமப்பவர்களுக்கே அந்த வழி பொருத்தமானது என்பது என் கருத்து. உங்கள் தேவைக்கு 30 முதல் 35 லிட்டர் போதும்.

ஓடைக்கல் எழுதியது:

ஈரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மழையுறை பையின் வெளிப்பக்கத்தை மட்டுமே மூடும். நீண்ட மழையில் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கி, முதுகு மெத்தையையும் தையலையும் நனைத்து உள்ளே வருகிறது. எனவே கேமராவையும் லென்ஸ்களையும் போட்டு வாயைச் சுருட்டி மூடக்கூடிய நீர்புகாப் பை ஒன்றை எப்போதும் உள்ளே வைத்திருங்கள். குழாய் வைத்துக் குடிக்கும் தண்ணீர்ப் பையை கேமரா இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். பக்கப் பையில் பாட்டிலே பாதுகாப்பு. வீடு திரும்பியதும் அன்றிரவே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையைத் திறந்துபோட்டு உலர்த்துங்கள். ஈரம் வாங்கிய மெத்தைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

பழைய பை வாங்க நினைத்தால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். துணியின் உள்ளே பூசப்பட்டிருக்கும் பாலியூரித்தேன் சிதைந்திருந்தால் கை பிசுபிசுக்கும். அதைச் சரிசெய்ய முடியாது.

பாதைநடை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் முதுகு நீளம் 47 சென்டிமீட்டர். நான் சொன்ன பொருட்களையெல்லாம் தராசில் வைத்தபோது, பை இல்லாமலே ஒன்பது கிலோவுக்கு மேல் வந்தது. இதை ஒற்றைத் தோளில் சுமந்தேன் என்பதை நம்பவே கடினமாக இருக்கிறது. முதுகுப் பக்கம் திறக்கும் இரண்டு பைகளை வார இறுதியில் மாட்டிப் பார்க்கப்போகிறேன். விமானத்தில் இந்த எடையை அனுமதிப்பார்களா?

முகட்டுக்காற்று எழுதியது:

பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோ வரைதான் அனுமதிக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் வரம்பைப் பயணச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட், உடை, இடுப்புவார் கழலுமென்றால் அதுவும் சரக்குப் பெட்டியில் போகட்டும். கேமராவும் லென்ஸ்களும் கையோடு வரட்டும். உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கில் போடக் கூடாது. முனைகளை மூடி கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு பேட்டரியில் அடங்கும் ஆற்றல் 100 வாட் மணி வரை என்றால் தனி அனுமதி தேவையில்லை. 7.2 வோல்ட், 2280 மில்லியாம்பியர் மணி கொண்ட கேமரா பேட்டரி ஏறத்தாழ 16 வாட் மணிதான் என்பதால் உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை.

மாட்டிப் பார்க்கும்போது 70-200 லென்ஸை முதுகை ஒட்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள். அதே லென்ஸை வெளிப்பக்கம் மாற்றி வைத்தால் பை பின்னுக்கு இழுப்பதை இரண்டே படிகளில் உணர்வீர்கள்.