அமைதியான பையன் சிறைக்குள்ளே போனதும் கை நீட்டுவது ஏன்?

தேவகோட்டை மீனாள்:
என் சித்தப்பா மகனுக்கு 24 வயசு. காரைக்குடியில மிக்சி ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்தான். ஒரு அடிதடி கேஸ்ல கூட நின்னான்னு ரிமாண்ட், இது நாலாவது மாசம். வீட்டுல கோழி அறுத்தாக்கூட கொல்லைப்பக்கம் வரமாட்டான். போன வாரம் மனு போட்டு அவனைச் சிறையில பார்க்கப் போனா புருவத்துல தையல். பிளாஸ்டிக் வாளிக்குச் சண்டை, முதல்ல அடிச்சது இவன்தானாம். சித்தி "எம்பிள்ளை அப்படி இல்லை"ன்னு அழுகுது. சித்தப்பா "உள்ள கிடந்ததுதான் வெளிய வந்திருக்கு"ங்கிறாரு.

தபால் வழியில உளவியல் படிக்கிறேன். பாடத்திலயும் இதே வழக்குதான். சிறையை ஆராய்ஞ்ச இர்வினும் கிரெஸ்ஸியும் (1962) ஆள் தன் குணத்தையும் தெருப் பழக்கத்தையும் மூட்டை கட்டித்தான் உள்ள போறான்னாங்க, அது சித்தப்பா கட்சி. அமெரிக்காவில ட்ரென்டன் சிறையைப் பார்த்து எழுதின சைக்ஸ் (1958) சித்தி கட்சி. சுதந்திரம், பொருள், பெண்துணை, தன்னிஷ்டம், பாதுகாப்பு, இந்த அஞ்சும் பறிபோனா மனுசன் மாறத்தான் செய்வான்னாரு. பரீட்சையில ரெண்டையும் எழுதிருவேன். இவன் விஷயத்துல எதை நம்புறது?

கானாடுகாத்தான் கணேசன்:
இதுல என்ன சந்தேகம்? 1971ல அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வுக்காகப் பொய்ச் சிறை அமைச்சு, நல்ல காலேஜ் பசங்களைக் காவலர், கைதின்னு பிரிச்சு விட்டாங்க. ரெண்டு வாரம் நடக்கவேண்டியதை ஆறே நாள்ல நிறுத்தினாங்க. இடந்தான் ஆளை மாத்துது.

பள்ளத்தூர் பழைய வார்டர்:
தம்பி, அந்தக் கதையில ஆட்டம் போட்டது காவலர் வேஷம் கட்டினவங்க. கடுமையா நடங்கன்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒலிப்பதிவும் பின்னால வெளிவந்துச்சு. அதை வச்சு இந்தப் பையனை அளக்காதீங்க.

மீனாள் தங்கச்சி, நான் 27 வருஷம் காக்கி போட்டவன். எந்த ஊர்ச் சிறைன்னு வேணாம். காலையில லாக்கப் திறந்ததும் தொட்டிக்குத்தான் ஓட்டம். தண்ணி வர்ற நேரம் கொஞ்சம், ஆளு ஜாஸ்தி. வாளி இருக்கிறவன் குளிப்பான், இல்லாதவன் பார்த்துக்கிட்டு நிப்பான். புதுசா வந்தவன் வாளியைப் பழைய ஆள் எடுப்பான். வேணும்னேதான் எடுப்பான், இவன் வாயைத் திறக்கிறானான்னு பார்க்க. முதல் நாள் விட்டுக்கொடுத்தா மறுநாள் சோப்பு போகும், அடுத்து படுக்கிற இடம் போகும். அதனால பயந்த பையந்தான் முந்திக்கிட்டு அடிப்பான். தைரியசாலி அடிக்கவே மாட்டான், அவன் வாளியை எவன் தொடுறான்?

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து வளவு வீட்டை நினைச்சுப் பாருங்க. எத்தனை பங்காளி இருந்தாலும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு இரட்டை அறை, அவங்கவங்க பூட்டு. அந்தப் பூட்டு இருந்ததாலதான் வெட்டுக்குத்து இல்லாம ஒரே கூரைக்கடியில இருந்தாங்க. சிறையில பூட்டு வார்டருங்க கையில. அவனுக்குன்னு இருக்கிறது அந்த வாளி ஒண்ணுதான்.

சித்தப்பா சொல்றதிலயும் கொஞ்சம் இருக்கு. 50 வயசுக்காரன் வாளிக்கு அடிச்சுக்கிட்டதை நான் அதிகம் கண்டதில்ல, 25க்குள்ளதான். இன்னொண்ணு, தண்டனைக் கைதிக்குத் தேதி தெரியும், சுவத்துல கோடு போட்டு எண்ணுவான். ரிமாண்ட் ஆளுக்கு எண்ண எதுவும் இல்ல. வாய்தா தள்ளிப்போன அன்னைக்கு பிளாக்கே கொதிக்கும். தம்பிக்கு வாய்தா என்னைக்கு? வாளியில பேர் போட்டிருந்தானா?

தேவகோட்டை மீனாள்:
அண்ணே, சண்டைக்கு முத நாள்தான் வாய்தா. தள்ளி வச்சிட்டாங்க. வாளியில ஆணியால "மிக்சி"ன்னு கீறியிருந்தானாம். அங்க அவன் பேரே அதுதான்.

இன்னொரு சந்தேகம். அமெரிக்காவில 371 சிறைகளை வச்சு 1995ல வந்த ஆய்வுல, நெரிசலைவிட நிர்வாகந்தான் கணக்கு, படிப்பு வேலைன்னு ஆளுங்க ஈடுபட்ட இடத்துல அடிதடி குறைவுன்னு இருக்கு. அப்படியா?

பள்ளத்தூர் பழைய வார்டர்:
நெரிசல் ஒண்ணுமில்லன்னு நான் சொல்லமாட்டேன், தொட்டியைப் பார்த்தவன். ஆனா அதே தொட்டியில, வரிசைக்கு நம்பர் போட்டு ஒரு ஏட்டு நின்னா சண்டை இல்ல. அவர் டீ குடிக்கப் போன நாள் மண்டை உடையும். 1971ல அமெரிக்காவில அட்டிகா சிறைக் கலவரத்துல 43 பேர் செத்தாங்களே, அந்தக் கைதிகளோட குறையில வாரத்துக்கு ஒரே ஒரு குளியலும் இருந்துச்சு.

விசாரணைக் கைதிக்குக் கட்டாய வேலை கிடையாது, விருப்பப்பட்டா கேட்கலாம். ஜெயிலர் ஐயாவுக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்க, மிக்சி, ஃபேன், மோட்டார் பார்க்கத் தெரியும்னு. அடுத்த தடவை அவனைப் பார்க்கப் போறப்ப சித்தப்பாவையும் கூட்டிப் போங்க. வாளியைப் பத்தி அவர் பேசவேண்டாம்.