டி.பார்ம் 500 மணி நேரப் பயிற்சி: படிப்பு புதுச்சேரி, மெடிக்கல் கடலூர் – செல்லுமா?

முதுநகர்வாசி: தங்கை புதுச்சேரியில் டி.பார்ம் (மருந்தியல் பட்டயப் படிப்பு) இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடித்துவிட்டாள். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே அங்கே இரண்டு பேர் பயிற்சியில் இருக்கிறார்கள். மாநிலம் மாறினால் சிக்கல் வருமா? பிறகு மருந்தாளுநராகப் பதிவு செய்வது எந்த மாநில கவுன்சிலில்?

குப்பியும்சீட்டும்: மாநில எல்லை பிரச்சினை இல்லை. பயிற்சி விதி இந்திய ஃபார்மசி கவுன்சிலுடையது, இரண்டு பக்கமும் ஒன்றுதான். லைசென்ஸ் உள்ள மெடிக்கல், அரசு மருத்துவமனை இரண்டும் ஏற்கப்படும். தனியார் மருத்துவமனை என்றால் கவுன்சில் அங்கீகாரம் தனியாக இருக்க வேண்டும்.

சிக்கல் அந்த இரண்டு பேரில்தான். ஒரு மருந்தாளுநருக்கு இரண்டு பயிற்சியாளர், கூடுதலாக உள்ள ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் இன்னும் ஒருவர். அங்கே ஒரே மருந்தாளுநர் என்றால் தங்கைக்கு இடமில்லை. சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறது, அவர் நிஜமாகவே கடையில் நிற்கிறாரா என்று பாருங்கள். பெயர் மட்டும் நிற்கும் கடைக்கு அனுப்பாதீர்கள்.

வில்லியனூரான்: சேருவதற்கு முன்பே கல்லூரியில் பயிற்சி ஒப்பந்தப் படிவம் மூன்று பிரதி வாங்குங்கள். முதல் பகுதி கல்லூரித் தலைவர், இரண்டாவது மாணவி, மூன்றாவது பயிற்சி தருபவர் நிரப்ப வேண்டும். ஒரு பிரதி கல்லூரிக்குப் போய்விடும். முடிந்ததும் மற்ற இரண்டில் நான்காம் பகுதியைப் பயிற்சி தந்தவர் நிரப்பிக் கல்லூரிக்கு அனுப்புவார். கல்லூரி ஐந்தாம் பகுதியைப் பூர்த்தி செய்து அந்த இரண்டையும் மாணவியிடம் தரும். அதுதான் டி.பார்ம் படிப்பின் மூன்றாம் பகுதியான இந்தப் பயிற்சியில் தேறியதற்கான சான்று. "முதலில் வேலைக்கு வா, ஃபார்ம் அப்புறம்" என்றால் அந்த நாட்களுக்குக் கணக்கே இல்லாமல் போகும்.

குப்பியும்சீட்டும்: இன்னொன்று. 500 மணி நேரமும் வேண்டும், குறைந்தது மூன்று மாதமும் வேண்டும். தினம் 8 மணி நேரம் நின்றால் 63 நாளில் 504 வந்துவிடும், ஆனாலும் மூன்று மாதம் ஆகாமல் கையெழுத்து கூடாது. அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டு பார்த்து மருந்து வழங்கியதாக இருக்க வேண்டும். பில் போடுவதும் பெட்டி அடுக்குவதும் இதில் சேராது, பல கடைகளில் நடப்பதோ அதுதான். சீட்டில் உள்ள டோஸைச் சரிபார்ப்பது, மருந்துகளைச் சேமித்து வைக்கும் முறை, ஷெட்யூல் எச் 1 (சீட்டில்லாமல் விற்கக் கூடாத, தனிக் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) ரிஜிஸ்டரில் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எழுதுவது (அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்) எல்லாம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.

வில்லியனூரான்: பதிவுக்குக் கல்லூரி எங்கே என்பது கணக்கில்லை. 1948 ஃபார்மசி சட்டப்படி குடியிருக்கும் மாநிலம் அல்லது தொழில் செய்யும் மாநிலம். முதுநகரில் இருந்தால் தமிழ்நாடு கவுன்சில். வேலை புதுச்சேரியில் என்றால் அங்கேயே பதியலாம்.