பல்சர் 150க்கு 130 பின் டயர்: பிடிப்புக் கூடுமா, முடக்கில இழுக்குமா?

வெள்ளவத்தை_150
சிங்கிள் டிஸ்க் (முன்னுக்கு மட்டும் டிஸ்க் பிரேக்) பல்சர் 150 பைக்குக்கு கம்பனி குடுக்கிற பின் டயர் 100/90-17, அதாவது 100 மில்லிமீற்றர் அகலம், சுவர் உயரம் அதில 90 வீதம், 17 அங்குல றிம். அதைக் கழட்டிப்போட்டு 130/70-17 பூட்டுறது கொழும்பில நிறைய நடக்குது. றிம் மாத்துறதில்லை, டயர் மட்டும்தான். அதுக்குப் பிறகு வாற முறைப்பாடுகள் ஒரே மாதிரி இருக்கு. முடக்கில சரிக்கேக்க பைக் நிமிரப் பாக்குது. அறுபதுக்கு மேல பின்பக்கம் மெல்ல அசையுது. றோட்டில நீளவாக்கில வெட்டோ ஒட்டோ இருந்தா அதோடயே இழுபட்டுப் போகுது. அகல டயர் எண்டா பிடிப்புக் கூடத்தானே வேணும்? பிழை டயரிலயா, பூட்டின விதத்திலயா?

மருதானை_ரைடர்
அகலத்துல பிழை இல்ல அண்ணன். யமஹா எஃப்இசட்டுக்கு பின்னுக்கு 140/60, சுசுகி ஜிக்சருக்கும் 140/60, கேடிஎம் டியூக் 200க்கு 150/60. எல்லாம் தினமும் இதே றோட்டுலதான் ஓடுது, முடக்குல ஒண்டும் அடம்பிடிக்கிறதில்ல. சுமையையும் பாருங்க. பக்கச்சுவர்ல 55 என்று இருந்தா அந்த டயர் 218 கிலோ தாங்கும், 62 என்று இருந்தா 265 கிலோ. 100/90ல முதலாவது, 130/70ல ரெண்டாவதுதான் சாதாரணமா வரும். பின்னுக்கு ஆளையும் ஏத்திக்கொண்டு காலி வீதில பஸ்ஸுக்குப் பின்னால பிரேக் அடிக்கிறவனுக்கு அந்த மிச்சம் வேணும்.

அளவுகோல்
தம்பி, மூண்டு பைக்கின்ர பின் டயரையும் சொன்னீங்கள், முன் டயரை விட்டிட்டீங்கள். எஃப்இசட், ஜிக்சர் ரெண்டுக்கும் முன்னுக்கு 100/80, டியூக்குக்கு 110/70. இந்தப் பல்சருக்கு 80/100, பழசெண்டா 2.75 அங்குலம். முன்னும் பின்னும் சோடி சேர்த்துத்தான் அந்தக் கம்பனிகள் பைக்கைக் கட்டியிருக்கு.

சுமைக்கு 130 தேவையே இல்லை. பைக் ஏறக்குறைய 145 கிலோ, ரெண்டு பேர் 140 எண்டு வையுங்கோ. மொத்தம் 285. அதில மூண்டில ரெண்டு பங்கு பின் சில்லில விழுந்தாலும் 190 தான். 218க்கு உள்ளதான் நிக்குது.

பிடிப்பு விசயம் இன்னும் முக்கியம். டயர் நிலத்தில தொடுற பரப்பை சுமையும் காத்தும்தான் பெரும்பாலும் தீர்மானிக்குது. 28 பிஎஸ்ஐ காத்தில 100 கிலோ ஏறினா தொடுபரப்பு கிட்டத்தட்ட 50 சதுர சென்ரிமீற்றர். டயரை அகலமாக்கினா அந்த 50 பெரிசாகாது. குறுக்கால அகண்டு நீளவாக்கில குறுகும், அவ்வளவுதான். ஒரு மழைக்கே தண்ணி தேங்கிற றோட்டில தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு போறது ஒடுக்கமான டயர்தான். மோட்டோ3 றேஸ் பைக்குகளுக்கு ஏறக்குறைய 60 குதிரைவலு, 2023 வரைக்கும் பின் டயர் 115/75-17. 14 குதிரைவலுப் பல்சருக்கு 130 என்னத்துக்கு?

மருதானை_ரைடர்
மோட்டோ3 உதாரணம் எனக்குத்தான் சாதகம். அந்த 115 டயரை அவங்க பூட்டினது 3.5 அங்குல றிம்ல. அப்ப கதை றிம்தான், அகலம் இல்ல.

அகல டயர்னா கூடச் சரிக்கணும் என்ற பயத்தையும் கணக்குப் போட்டுப் பாப்போம். 20 மீற்றர் ஆரையுள்ள முடக்கு, 40 கிலோமீற்றர் வேகம், ஓட்டுறவரோட சேத்து ஈர்ப்பு மையம் நிலத்துல இருந்து 60 சென்ரிமீற்றர். டயருக்குத் தடிப்பே இல்லன்னா 32 பாகை சரிச்சாக் காணும். 100 டயருக்கு அதுக்கு மேல ஏறக்குறைய 3 பாகை. 130க்கு 4க்குக் கொஞ்சம் குறைவு. ஹார்லி பிரேக்அவுட்ல இருக்கிற 240க்குத்தான் 8 பாகை கிட்ட வரும். 100ல இருந்து 130க்குப் போனா கூடுறது ஒரு பாகை கூட இல்ல. அதைக் கையால உணரவே ஏலாது.

அளவுகோல்
கணக்குச் சரி, மறுக்கேல்லை. ஆனா அது முன்னும் பின்னும் ஒரே அகலம் எண்டு வைச்சுப் போட்ட கணக்கு. வெள்ளவத்தை அண்ணை கேட்ட "நிமிரப் பாக்குது" அதுக்குள்ள வராது.

பைக் சரியேக்க டயர் நிலத்தில தொடுற இடம் நடுவில இருந்து சரியிற பக்கத்துக்கு நகரும். 80 டயர் கொஞ்சம் நகரும், 130 கூட நகரும். நேராப் போகேக்க ஒரே கோட்டில நிண்ட ரெண்டு தொடுபுள்ளியும் முடக்கில ஒண்டை ஒண்டு விலகி நிக்கும். பின் டயர் பைக்கை நிமித்தத் தள்ளும், ஓட்டுறவர் ஹேண்டிலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும். றோட்டு ஒட்டில இழுபடுறதும் இதே காரணம்தான். டயரின்ர ஒரு ஓரம் மட்டும் மேட்டில ஏறினா, நடுக்கோட்டில இருந்து அந்த ஓரம் எவ்வளவு தூரமோ அவ்வளவு பலமாப் பைக்கைத் திருப்பும். நுகேகொடைப் பக்கம் களனிவெளி ரயில் பாதையைச் சரிவாக் கடக்கேக்க இது நல்லா விளங்கும். தண்டவாளத்தை எந்த டயரோடயும் செங்குத்தாத்தான் கடக்கவேணும், அகல டயரோட அதில விட்டுக்குடுப்பே இல்லை.

பஞ்சிகாவத்தை_டயர்
ரெண்டு பேரும் றிம்முக்குக் கிட்ட வந்துட்டு விலகிப் போறீங்க. வார்ப்பு றிம்ல அகலம் எழுத்தா வார்த்திருக்கும், MT என்ற எழுத்துக்குப் பக்கத்துல. முதல்ல அதைப் பாருங்க. 100/90-17க்கும் 110/80-17க்கும் அளவு றிம் 2.50 அங்குலம். 120/80-17க்கு 2.75. 130/70-17க்கு 3.50, அதை 3 அங்குலத்துக்குக் குறைஞ்ச றிம்ல ஏத்தவே கூடாது.

ஏத்தினா என்ன நடக்கும்னா, ரெண்டு பக்கச்சுவரும் உள்ளுக்கு நெரிபடும், நடு எழும்பிக் கூராகும். சோக்கட்டியால டயர்ல குறுக்க, ஒரு ஓரத்துல இருந்து மத்த ஓரம் வரைக்கும் தடிப்பாக் கோடு போடுங்க. ஆள் ஏறி இருந்து காய்ஞ்ச றோட்டுல பத்து மீற்றர் நேரா உருட்டுங்க. றிம்முக்குப் பொருந்தின டயர்ல நடுவுல நல்ல அகலத்துக்குக் கோடு அழிஞ்சிருக்கும். நெரிபட்ட 130ல நடுவுல ஒரு ஒடுக்கமான பட்டி மட்டும் அழிஞ்சு, ரெண்டு பக்கமும் சோக் அப்படியே வெள்ளையா நிக்கும். காசு குடுத்து வாங்கின அகலம் நேரா ஓடும்போது நிலத்தைத் தொடவே இல்ல. நடு மட்டும் சீக்கிரம் தேயிறதும் இதாலதான்.

அறுபதுக்கு மேல பின்பக்கம் அசையிறதும் பெரும்பாலும் இந்த நெரிசல்தான். சுவர் நிக்க வேண்டிய கோணத்துல நிக்காததால பக்கவாட்டுல துவளும். இன்னொண்டு, டயர் விளிம்புக்குப் பக்கத்துல றிம்மைச் சுத்தி ஒரு மெல்லிய கோடு ஓடும். றிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி சுத்திவர ஒரே அளவா இருக்கணும். ஒரு இடத்துல உள்ளுக்குப் போயிருந்தா டயர் உக்காரல்ல. காத்தை முழுசா விட்டு, விளிம்புக்கு சவர்க்காரத் தண்ணி பூசித் திரும்ப அடிக்கணும்.

வெள்ளவத்தை_150
அப்ப 120/80? இரட்டை டிஸ்க் மொடலுக்கு கம்பனியே அதைத்தானே குடுக்குது?

அளவுகோல்
அந்த மொடலுக்கு முன்னுக்கு 90/90, முன் சில்லைப் பிடிக்கிற ஃபோர்க்கும் தடிப்பு, ரெண்டு சில்லுக்கும் இடையில நீளமும் கூட. டயரை மட்டும் எடுத்து சிங்கிள் டிஸ்க்கில வைச்சா அந்தப் பைக் வராது. விட்டத்தையும் பாருங்கோ. 100/90-17 ஏறக்குறைய 612 மில்லிமீற்றர், 120/80-17 624. பின்பக்கம் 6 மில்லிமீற்றர் உயரும், கியரும் ரெண்டு வீதம் நீளும். ஆள் ஏத்திக்கொண்டு ஏத்தத்தில போகேக்க இழுவை குறையிறது தெரியும். கம்பனி றிம்மோட இருக்கிறதெண்டா 110/80 தான் என்ர எல்லை. விட்டம் 608, வித்தியாசம் ஒண்டுமில்லை. முன்னுக்கும் 90/90 போட றிம் இடம் குடுத்தா சோடி சேரும்.

மருதானை_ரைடர்
110ஐ எல்லையா ஒத்துக்கொள்ளமாட்டேன். 3 அங்குலம், 3.5 அங்குல றிம்மோட முழுச் சில்லையே மாத்தி, முன்னுக்கு 100/80 போட்டா 130 ஒழுங்கா ஓடும். பல்சர் என்எஸ் 200க்கு கம்பனி குடுக்கிறதே 100/80, 130/70 சோடிதானே. இது விருப்பம் இல்ல, செய்யக்கூடிய வேலை.

பஞ்சிகாவத்தை_டயர்
செய்யலாம். ஆனா சில்லு மாத்துறவங்கள்ல அரைவாசிப் பேர் செயின்லதான் மாட்டுறாங்க. டயர் ஓரத்துக்கும் செயினுக்கும் இடையில ஆகக் குறைஞ்சது 5 மில்லிமீற்றர் வேணும், ரெண்டு பேர் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கின நிலையில. இடம் காணல்லன்னு சில்லை ஒரு பக்கம் தள்ளி வாஷர் போடுறது பிழை. பின் சில்லு நடுக்கோட்டை விட்டு விலகும், பைக் எப்பவும் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் பிளேட்டைப் பிடிச்சிருக்கிற கம்பியும் டயர்ல உரசக்கூடாது.

பூட்டி முடிஞ்சதும் நூல் பிடிச்சுப் பாருங்க. பின் டயரைச் சுத்தி, நிலத்துல இருந்து ஒரு சாண் உயரத்துல நூலைக் கட்டி, ரெண்டு நுனியையும் முன் சில்லுக்கு அங்கால வரைக்கும் இழுங்க. ரெண்டு பக்கமும் நூல் பின் டயரோட முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் மெல்லத் தொட்டுக்கொண்டு போகணும். ஹேண்டிலை நேரா வச்சு முன் டயருக்கும் நூலுக்கும் இடைவெளியை அளங்க. பின்னுக்கு 130, முன்னுக்கு 100ன்னா ஒவ்வொரு பக்கமும் 15 மில்லிமீற்றர். ஒரு பக்கம் 10, மத்தப் பக்கம் 20ன்னா செயின் அட்ஜஸ்டர்ல திருத்துங்க. பின் சில்லைப் பிடிச்சிருக்கிற சுவிங்ஆம்ல இருக்கிற கோட்டை நம்பாதீங்க.

இதுக்குப் பிறகும் ஹேண்டில் படபடன்னு அடிச்சா அது பின் டயர் இல்ல. பின்னால இருந்து வாற அசைவு மெதுவா, வால் ஆட்டுற மாதிரி இருக்கும். வேகமாப் படபடக்கிறது முன்னுக்கு. நடு ஸ்டாண்ட்ல போட்டு முன் சில்லைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு பக்கத்துல இருந்து மத்தப் பக்கம் மெல்லத் திருப்புங்க. நடுவுல ஒரு பள்ளத்துல விழுந்து நிக்கிற மாதிரி இருந்தா ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற ஹெட் பெயாரிங் போயிட்டுது.

வெள்ளவத்தை_150
காத்து எவ்வளவு?

பஞ்சிகாவத்தை_டயர்
100/90, 110/80 ரெண்டுக்கும் கம்பனி சொன்னதே: முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்குத் தனிய 28, பின்னால ஆள் ஏறினா 32. காலமை, டயர் சூடாக முதல் அளங்க.